டீசல் மச்சானும் பெட்ரோல் மாப்பிள்ளையும்

படகு வாங்கும்போது சண்டை வரவில்லை. அதற்கு என்ன நிறம் அடிப்பது என்பதில்கூட வரவில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய படகை வாங்கி, நாலைந்து கோடைகாலம் முகம் சுளிக்காமல் ஓட்டினார்கள் என்பதே சொந்தக்காரர்களுக்கெல்லாம் பெரிய ஆச்சரியம். அந்த ஆச்சரியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது எஞ்சின்தான்.

குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி வைத்திருந்தபோது எப்படியோ உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. வசந்தத்தில் மூடியைத் திறந்து பார்த்தால் சிலிண்டரெல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தது. பட்டறைக்காரர் சங்கிலி போட்டு எஞ்சினை வெளியே தூக்கிச் சிமெண்டுத் தரையில் இறக்கினார். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இது இனிமே கதவு அடிக்காம முட்டுக் கொடுக்கத்தான் ஆகும்" என்றார்.

பழைய எஞ்சின் பெட்ரோல்தான், ஆனால் வயதாகி வேகத்தையே மறந்துபோயிருந்தது. புதிதாக வைக்கப்போவது பெட்ரோலா, டீசலா? ஒரு நாள் பேசி முடிக்க வேண்டிய இந்த விஷயம் வாரக்கணக்கில் இழுத்தது.

மச்சான் ஒரு கணக்கு வாத்தியார். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். அவர் டீசல் கட்சி. மாப்பிள்ளை பேக்கரி வைத்திருப்பவர். ஊர் எழுந்திருக்கும் முன்னால் மாவு பிசைந்து, ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் முதல் ரொட்டியை அடுப்பிலிருந்து இழுப்பவர். எதையும் சூடாக, உடனே, இப்போதே செய்துவிட வேண்டும் அவருக்கு. அவர் பெட்ரோல் கட்சி.

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் பல் டாக்டர். வாத்தியாருக்கு மனைவி, பேக்கரிக்காரருக்கு அக்கா. சண்டை நடந்ததெல்லாம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான்.

"மச்சான், டீசல்னா என்ன கனம் தெரியுமா? படகோட பின்பக்கம் தண்ணியில உட்கார்ந்துடும். அப்புறம் அது படகு இல்ல, நீச்சல் தெரியாத எருமை."

"எருமைக்கு நீச்சல் தெரியும் மாப்பிள்ளை."

"பேச்சை மாத்தாதீங்க!"

"நான் எதையும் மாத்தல. பெட்ரோல் ஆவி படகோட அடியில போய்த் தேங்கும். கார்ல கசிஞ்சா காத்துல கலைஞ்சுடும், படகுல எங்க போகும்? ஒரு பொறி போதும். டீசல்ல அந்த பயம் கிடையாது. குடிக்கிறதும் கம்மி, உழைக்கிறதும் அதிகம்."

"மாடு மாதிரி உழைக்கும், மாடு மாதிரியே போகும். எனக்கு வாரத்துக்கு ஒரு திங்கக்கிழமை, அதுவும் அரை நாள். ஏரிக்கு நடுவுல இருக்கிற தீவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள திரும்பி வர்ற நேரம் ஆயிடும்."

"எனக்கு பள்ளிக்கூட லீவு விட்டா வாரக்கணக்குல இருக்கு. எதுக்கு ஓடணும்?"

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ரெண்டு பேரும் வாயை மூடினீங்கன்னா நான் பாத்திரம் கழுவுவேன். மூடலைன்னா நீங்க கழுவுங்க" என்றார். அன்றைக்கு மட்டும் இருவரும் ஒற்றுமையாக வாயை மூடினார்கள்.

இப்படியே போனால் கோடை முழுக்கப் படகு மரத்தடியில் முட்டுக்கட்டைகள் மேல்தான் நிற்கும் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாள் கிளினிக்கை முடித்துக்கொண்டு நேராகப் படகுப் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் ஒரு படகின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது ஒரு முடிவு சொல்லுங்களேன். எது நல்லது?"

"ரெண்டும் நல்லதுதான்" என்றது அடியிலிருந்து வந்த குரல்.

"உங்க படகுல எது இருக்கு?"

"துடுப்பு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டறைக்காரர் வெளியே ஊர்ந்து வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். "சொல்லிப் புரியவைக்க முடியாதும்மா. உங்க படகு மாதிரியே, அதே அச்சுல வந்தது, இந்த ஏரியில இன்னும் ரெண்டு இருக்கு. சலூன்காரம்மா வச்சிருக்கிறது பெட்ரோல். ரயில் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர் வச்சிருக்கிறது டீசல். ரெண்டு பேர்கிட்டயும் நான் பேசறேன். ஞாயித்துக்கிழமை ரெண்டுலயும் ஏறிப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் படகுத்துறைக்குப் போனார்கள். வாத்தியார் வீட்டிலேயே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பேக்கரிக்காரர் அன்றைக்கு மட்டும் கடையைக் கடைப் பையனிடம் விட்டுவிட்டு, ஒரு பெட்டி நிறைய வெண்ணெய் பன் கொண்டுவந்திருந்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

சலூன்காரம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டி, அதற்குச் செம்பு நிறம் ஏற்றியிருந்தார். வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார். முகங்களை அல்ல, முடியை. "உங்களுக்கு யாரு வெட்டுறாங்க?" என்று வாத்தியாரைக் கேட்டார். "நானேதான்" என்றார் வாத்தியார். "தெரியுது" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் ஏறியதும் எஞ்சினைக் கிளப்பவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினார். உள்ளே எங்கோ காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது.

"கிளம்பலாமே?" என்று பரபரத்தார் பேக்கரிக்காரர்.

"பொறுங்க. உள்ள ஆவி ஏதாவது இருந்தா காற்றாடி வெளிய தள்ளணும். அதுக்கு முன்னாடி சாவியில கை வைக்க மாட்டேன்." அப்புறம் எஞ்சின் மூடியைத் தூக்கி, "யாருக்கு இங்க மூக்கு நல்லா வேலை செய்யும்?" என்றார்.

ரொட்டி கருகப்போவதை அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிக்கிற மூக்கு பேக்கரிக்காரருடையது. குனிந்து மோந்து பார்த்தார். "பெட்ரோல் வாடை இல்ல. உங்க சென்ட் வாடைதான் இருக்கு."

"அது தீப்பிடிக்காது" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார் சலூன்காரம்மா.

எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. துறையை விட்டு வெளியே வரும் வரை மெல்லத்தான் ஓட்டினார். கடைசி மிதவையைத் தாண்டியதும், "பிடிச்சுக்குங்க!" என்று ஒரே ஒரு வார்த்தை. வேக லீவரைக் கடைசிவரை தள்ளினார்.

படகு மூக்கைத் தூக்கியது. ஒரு நொடி வானத்தைப் பார்த்தது. பிறகு சட்டென்று மட்டமாகி, தண்ணீரின் மேல்தோலில் வழுக்கிக்கொண்டு பறந்தது. பேக்கரிக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார். பின்னால் வெள்ளை நுரை நேர்க்கோடாக நீண்டுகொண்டே வந்தது. சலூன்காரம்மா ஒரு வட்டம் அடித்து, தன்னுடைய அலையையே தாண்டிக் குதித்தார்.

அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார். பயந்து வெளிறிப்போயிருப்பார் என்று நினைத்தார். வாத்தியார் சிரித்துக்கொண்டிருந்தார். பல் தெரிய, ஈறு தெரிய, கண்ணில் தண்ணீர் வழிய ஒரு சிரிப்பு. மனைவி பார்ப்பதைக் கவனித்ததும் டக்கென்று வாயை மூடிக்கொண்டு, "ரொம்ப ஆபத்து" என்றார்.

மதியம் டீசல் படகு. ரயில்காரர் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவருடைய படகில் எல்லாமே மெருகேறி மின்னியது. அதிகம் பேசாதவர். "உட்காருங்க" என்றார், உட்கார்ந்தார்கள். காற்றாடி, மோப்பம் ஒன்றும் கிடையாது. சாவியைத் திருப்பினார். தடதடவென்று தரை அதிர்ந்து, பின்னால் கொஞ்சம் கறுப்புப் புகை வந்து, பிறகு ஒரே சீரான முழக்கத்தில் நிலைகொண்டது.

"இதைத்தான் சொன்னேன்! கேளு மாப்பிள்ளை, ஒரு பதற்றம் இருக்கா இதுல?" என்றார் வாத்தியார்.

மாப்பிள்ளைக்குக் கேட்கிற நிலைமை இல்லை. மதியத்துக்கு மேல் காற்று ஏறியிருந்தது. படகு அலையை வெட்டாமல் ஏறி ஏறி இறங்கியது. பின்பக்கமிருந்து டீசல் வாடை சுழன்று சுழன்று உள்ளே வந்தது. காலையில் மெச்சப்பட்ட அதே மூக்கு இப்போது எதிரியாகிவிட்டது. பேக்கரிக்காரர் முதலில் மௌனமானார், பிறகு பச்சையானார், பிறகு ஓரமாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தின்ற பன் அத்தனையையும் ஏரிக்குக் கொடுத்தார்.

"முன்னாடி போய்ப் படுத்துக்கோடா. அங்க வாடை வராது" என்று அக்கா கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் பார்த்தார். தீவின் பாறைமுனைக்குப் பக்கத்தில் ஒரு படகு குறுக்கே திரும்பி ஆடிக்கொண்டிருந்தது. மேலே செம்பு நிறத் தலை ஒன்று துண்டை வீசிக்கொண்டிருந்தது.

"அது சலூன்காரம்மா இல்ல?"

ரயில்காரர் ஏற்கெனவே திருப்பியிருந்தார். அருகே போனதும் அந்த அம்மாவின் குரல் காற்றில் துண்டு துண்டாக வந்தது. "வலை! அறுந்த மீன் வலை! புரொபெல்லர்ல சுத்திக்கிச்சு!" நங்கூரத்தைப் போட்டிருந்தார், அது பிடிக்காமல் ஏரியின் அடித்தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. காற்று படகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைப் பக்கம் தள்ளியது.

"நான் பின்னாடி போய்க் கயிறு வீசணும். யாராவது ஸ்டியரிங் பிடிங்க" என்றார் ரயில்காரர்.

வாத்தியார் பிடித்தார். பிடித்தவர் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். "காத்து இந்தப் பக்கமிருந்து வருது. நாம இப்படிப் போனா அது நம்மளை அப்படித் தள்ளும். அப்படின்னா நாம முதல்ல..." கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பாறை விடை வரும் வரை காத்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

"ஏங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்றார் பல் டாக்டர்.

இத்தனை வருஷம் சொந்தப் படகில் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் முன்பக்க மெத்தை. 'நீ ஹாயா உட்காரு, நாங்க பார்த்துக்கறோம்' என்று சொல்லிச் சொல்லி, ஸ்டியரிங்கைத் தொடக்கூட யாரும் விட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. ஆனால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் தெரியாதா என்ன? இடது கையைச் சக்கரத்தில் வைத்தார். வலது கையை லீவரில். அழுகிற குழந்தையின் வாய்க்குள் கருவியை நுழைக்கிற கை அது. அவசரப்பட்டுப் பழக்கமில்லை, நடுங்கியும் பழக்கமில்லை.

"மெதுவா முன்னாடி" என்றார் ரயில்காரர் பின்னாலிருந்து. "இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க. காத்து மீதியைப் பார்த்துக்கும்."

லீவரை இம்மி அளவு தள்ளினால் படகு இம்மி அளவு நகர்ந்தது. அவ்வளவு கனமான பொருள் இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. கயிறு பறந்தது. முதல் தடவை தண்ணீரில் விழுந்தது. அலை படகைப் பாறைப் பக்கம் திருப்பப் பார்த்தது. பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னோக்கி எடுத்து, மறுபடி சுற்றி வந்தார். இரண்டாவது தடவை சலூன்காரம்மா கயிற்றை எட்டிப் பிடித்து முன்பக்கக் கட்டையில் சுற்றினார்.

"இப்போ இழுங்க. வெடுக்குன்னு இல்ல."

கயிறு மெல்ல நிமிர்ந்து, தண்ணீரை உதறிக்கொண்டு விறைப்பானது. எஞ்சினின் குரல் ஒரு சுருதி இறங்கியது. திணறவில்லை. மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு நடக்கிறவன் மாதிரி படகு முன்னே போனது. பாறைகள் பின்னால் விலகின.  

துறைக்கு வந்து சேர்ந்ததும் சலூன்காரம்மா தாவி இறங்கி, நேராகப் பல் டாக்டரிடம் வந்து கட்டிக்கொண்டார். "வாழ்நாள் பூரா உங்களுக்கு முடிவெட்டு என் பொறுப்பு."

வாத்தியாருக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. "பார்த்தீங்களா, டீசலா இருந்திருந்தா..."

"வலைக்கு டீசல் எது, பெட்ரோல் எதுன்னு தெரியுமா சார்?" என்றார் சலூன்காரம்மா. வாத்தியார் அசடு வழிந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. பேக்கரிக்காரர் அரை நாள் கடையை மூடிவிட்டு, தொங்கிய முகத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தார். வாத்தியாரும் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தார்.

"மச்சான், நான் ராத்திரி பூரா யோசிச்சேன்" என்றார் பேக்கரிக்காரர். "டீசலே வச்சுடலாம். நேத்து அந்தக் கயிறு விறைச்சப்போ பார்த்தேன். படுத்துக்கிட்டேதான் பார்த்தேன். அந்தப் பலம் பெட்ரோலுக்கு வராது. நீங்க சொன்னதுதான் சரி."

வாத்தியார் தர்மசங்கடமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் மாப்பிள்ளை. பெட்ரோலே வச்சுடலாம்."

"என்னது?"

"அந்தம்மா லீவரைத் தள்ளினாங்களே... என் வயித்துக்குள்ள ஏதோ பறந்தது. கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு அப்படிப் பறக்கல."

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றது சமையலறை.

"ஆவி தேங்கும்னு நீங்கதானே பயமுறுத்துனீங்க?"

"காற்றாடி போட்டா சரியாப்போச்சு. உன் மூக்கு வேற இருக்கு."

"இல்ல மச்சான், டீசல்தான்."

"சொன்னா கேளு மாப்பிள்ளை, பெட்ரோல்தான்."

மேஜையில் இரண்டு கைகள் மாறி மாறித் தட்டின. அக்கா ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு, "வண்டியை எடுங்க. பட்டறைக்குப் போகலாம்" என்றார்.

பட்டறைக்காரர் மூவரையும் பார்த்து, "அப்போ, எது?" என்றார்.

ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். ஒரே நேரத்தில் மூடினார்கள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் பட்டறைக்காரர். "எப்பவாவது வந்து ஒரு சுத்து சுத்திட்டுப் போறவங்களுக்கு நான் பெட்ரோல்தான் சொல்வேன். கனம் இல்ல, சத்தம் கம்மி, கையைக் கடிக்காது. டீசலை ஓட்டாம நிறுத்தி வச்சா அதுக்கே கோச்சுக்கும். நாள் முழுக்க ஓட்டுறவங்களுக்குத்தான் டீசல். நீங்க எந்த ரகம்?"

பேக்கரிக்காரர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார். பள்ளிக்கூட லீவெல்லாம் விடைத்தாள் திருத்துவதில் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். தன் திங்கட்கிழமைகளில் பாதி தூக்கத்திலேயே போய்விடும் என்பது பேக்கரிக்காரருக்கும் தெரியும்.

"நாள் முழுக்க" என்றார் பல் டாக்டர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரு ஓட்டறது?" என்றார் கணவர்.

"நான்தான். கிளினிக்ல இன்னொரு டாக்டர் சேர்ந்தாச்சு. இனிமே வெள்ளி, சனி எனக்கு லீவு. உங்க லீவைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தீங்க, எனக்கு எப்போ லீவுன்னு யாராவது கேட்டீங்களா? இந்த ஏரியில ஆறு ஏழு தீவு இருக்கு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு. மெதுவா ஒவ்வொண்ணா போகணும், அங்கேயே தங்கணும், மறுநாள் திரும்பணும். நேத்து அந்த லீவரைப் பிடிச்ச கை இன்னும் அதைப் பிடிச்ச மாதிரியே இருக்கு. டீசல் வைங்க."

"பெரிய டீசல் வச்சா பின்பக்கம் தாழ்ந்துடும்மா" என்றார் பட்டறைக்காரர். "சின்னதா ஒண்ணு, ஏற்கெனவே ஓடினது, நல்லா இருக்கு. எஞ்சின் உட்கார்ற கட்டையை மட்டும் பலப்படுத்தணும். ஆனா வேகம் பாதிதான் வரும்."

"வரட்டும்."

"அக்கா..." என்று இழுத்தார் தம்பி.

"நீ முன்னாடி மெத்தையில உட்காரு. வாடை வராது. ஹாயா இருக்கும், எனக்குத் தெரியும்."

 வாத்தியார்தான் முதலில் சிரித்தார். அப்புறம் தம்பியும் சிரித்தார். அப்படியே பழைய எஞ்சின் மேல் உட்கார்ந்து இருவரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்கள்.

கோடையின் நடுவில் படகு தண்ணீரில் இறங்கியது. பின்பக்கம் தாழவில்லை. முதல் வெள்ளிக்கிழமை கிளம்பும்போது வாத்தியார் கயிற்றை அவிழ்க்கும் பொறுப்பில் இருந்தார். ஒரு முடிச்சை அவிழ்த்து, சரிபார்த்து, அடுத்ததை அவிழ்ப்பதற்குள் மனைவி இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். விடைத்தாள் கட்டு வீட்டிலேயே கிடந்தது. எடுத்துவர அனுமதி இல்லை.

பேக்கரிக்காரரின் கதை வேறு மாதிரி முடிந்தது. தன் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படாமல் கத்துகிற ஆள் ஒருவர் வேண்டும் என்று சலூன்காரம்மா வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். அதோடு கிளம்பும் முன் மோந்து பார்க்க நல்ல மூக்கும் வேண்டும். திங்கட்கிழமை சலூனுக்கும் விடுமுறை. ஒரு பெட்டி பன்னோடு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அதனால் இப்போது அந்த ஏரியில் திங்கட்கிழமை மதியம் போனால் ஒரு செம்பு நிறத் தலையும் ஒரு மாவு படிந்த தலையும் நுரை கிளப்பிக்கொண்டு பறப்பதைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை போனால் தடதடவென்று ஒரு படகு அவசரமே இல்லாமல் மூன்றாவது தீவைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டுகிற அம்மா, முன்பக்க மெத்தையில் வாயைத் திறந்தபடி தூங்கும் கணவரைப் பார்த்து, கடைவாயில் ஒரு பல் சொத்தையாகத் தொடங்கியிருப்பதைக் கண்டுபிடித்து, திங்கட்கிழமையே அவரைக் கிளினிக்குக்கு இழுத்துவர வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.